கூப்பிட்டால் எடுப்பவர்

வாத்தியாரைத்தான் சொல்லப்போகிறோம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தபடியே சண்முகவடிவு மடிக்கணினியின் வெளிச்சத்தைக் குறைத்தாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணிக்கு வந்துவிடும் என்று பேப்பரில் போட்டிருந்தது. அப்படியென்றால் மூன்றுக்கு வரும். வீட்டு இன்வெர்ட்டரின் பாட்டரிக்கு வயதாகிவிட்டது. இணையப் பெட்டியையும் சமையலறையில் ஒரு பிளக்கையும் தாங்கும், மின்விசிறியைத் தாங்காது. விசிறி நின்ற பிறகுதான் பாளையங்கோட்டையின் இந்தச் சின்னத் தெருவில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரிகிறது. எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வையை உதறினார்கள். கீழ்வீட்டில் குக்கர் ஒன்று சீறப்போவதுபோல் முனகிவிட்டு அடங்கியது. கழுத்தின் பின்பக்கம் வேர்வை ஒரு கோடாக இறங்கி ஜாக்கெட்டுக்குள் போனது, அவள் துடைக்கவில்லை. வேர்த்தால் வேர்க்கட்டும். பதினைந்து வருஷமாக இந்த வேலை. பள்ளிக்கூடத்துக்கு, பல் ஆஸ்பத்திரிக்கு, கல்யாண மண்டபத்துக்கு, ஒரு தடவை ஒரு ஊறுகாய்க் கம்பெனிக்கு என்று இணையதளம் கட்டிக் கொடுத்தவள். எது நிற்கும் எது விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள், பெரும்பாலும் தப்புவதில்லை. கோவில்பட்டியிலிருந்து ஆழ்வார்சாமி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடுவார். குருதிக்கொடையாளர் வட்டத்தின் செயலாளர் அவர், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாட்டரிக் கடை வைத்திருக்கிறார். ரெண்டுல எது தாயி, ஒத்த வார்த்தையில சொல்லிரு, கமிட்டியில நான் சமாளிச்சுக்கிடுதேன் என்று நேற்றே சொல்லிவிட்டார். நாளைக் காலை ரத்ததான முகாம். அங்கே வைத்துப் பட்டியலைத் திறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, வகையைத் தட்டி, ஊரைத் தட்டி, பெயருக்கு எதிரே இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போன் போகும். போன் போகிற இடத்தில் ரத்தம் கொடுக்கிற ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் காரியம். அதற்குத்தான் வாத்தியார்.

வாத்தியார், கடைக்காரர் என்று பெயர் வைத்தது அவள்தான், ஆழ்வார்சாமிக்கும் அதுவே பழகிவிட்டது. இரண்டும் மாட்யூல்கள். இணையதளத்தில் கொண்டுபோய்ப் பொருத்தினால் ஒரு பக்கம் படிவம் நீட்டிக் கேட்கும், மறுபக்கம் கேட்டதையெல்லாம் பட்டியலாக்கிக் காட்டும். அவற்றின் சொந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. முதலாவதற்குப் படிவமும் பட்டியலும் ஒரே உடம்பு. படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் பட்டியலில் ஒரு பத்தி தானாக முளைக்கும். போன் எண்ணில் ஒரு இலக்கம் குறைந்தால் கட்டம் சிவக்கும். பிறந்த தேதி போடாமல் நகர முடியாது. எடை போதாது என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடும். ஏற்கனவே பதிந்த எண்ணோடு இன்னொருவர் வந்தால் 'இந்த எண் பதிவில் உள்ளது' என்று கதவைச் சாத்தும். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிற கணக்கு வாத்தியார்தான். இரண்டாவது, மளிகைக்கடைக்காரர். படிவம் தனி, பட்டியல் தனி. இரண்டையும் நாம்தான் கோக்க வேண்டும், இது இங்கே அது அங்கே என்று ஒவ்வொன்றையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும், அரை நாள் ஓடிவிடும். ஆனால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். பை கொண்டுவரலையா, இருக்கட்டும், காகிதத்தில் கட்டித் தருகிறேன். சில்லறை இல்லையா, பிறகு கொடு. ஒரே எண்ணில் நாலு பேரா, வரட்டும். இந்தத் தாராளமெல்லாம் வேலை தெரியாதவர்களுக்குத்தான் பிடிக்கும் என்பது அவள் எண்ணம். நல்ல படிவம் யாரையும் நம்பாது, நம்பவில்லை என்பதை முகத்தில் காட்டவும் காட்டாது. இதை ஒரு நாள் பல் டாக்டரிடம் சொன்னபோது அவர், அப்படின்னா என் மாமியாரையே வெப்சைட்டில் போட்டுவிடலாமே என்றார், கையில் குறடோடு. வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளிகூடச் சிரித்தான். அது இருக்கட்டும். நேற்றுச் சாயங்காலம் வட்டத்தின் பழைய எக்செல் கோப்பை இரண்டிலும் கொட்டிப் பார்த்தாள். இருபது வருஷ முகாம்களில் தாளில் எழுதி வாங்கியதை யார் யாரோ தட்டச்சு செய்து சேர்த்த கோப்பு. கடைக்காரர் மூச்சுவிடாமல் அத்தனையையும் விழுங்கினார். வாத்தியார் மென்று பார்த்து மூன்றில் ஒரு பங்கைத் துப்பிவிட்டார். 'இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி வந்தது. வீட்டைக் கூட்டி முடித்து முறத்தில் சேர்ந்த குப்பையைப் பார்க்கும்போது ஒரு திருப்தி வருமே, அது வந்தது. அந்த முறத்தை அவள் கிளறிப் பார்க்கவில்லை. குப்பையை யார் கிளறுவார்கள்.

கீழே வாசலில் சைக்கிள் மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள் போனில் கத்த ஆரம்பித்தாள். ஏங்க, கேஸ்காரர் வந்து நிக்காரு, உங்க போனுக்கு ஓடிபி நம்பர் வந்திருக்கும் பாருங்க. என்னது, மீட்டிங்கா? மீட்டிங் இருக்கட்டும், நம்பரச் சொல்லிட்டுப் போங்க. பிறகு அந்த நம்பர் தெருவுக்கே கேட்கும்படி ஒவ்வொன்றாக ஏலம் விடப்பட்டது. வடிவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டிலும் அதே கதைதான். சிலிண்டர் அவள் மாற்றுகிறாள், அடுப்பு அவள் பற்றவைக்கிறாள், நம்பர் மட்டும் தூத்துக்குடித் துறைமுக ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்குப் போகிறது. போன மாதம் அவன் போனை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் சிலிண்டர் வந்து, நம்பர் கிடைக்காமல் திரும்பிப் போய்விட்டது. அந்த மாதிரி நம்பர்களை அனுப்புகிற பக்கங்களை மாசத்துக்கு ஒன்று கட்டுகிறவள் இவள், இரண்டு நாள் இண்டக்‌ஷன் அடுப்பில் சாதம் வடித்தாள். மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்டால் மாற்றலாம், ஏஜென்சியில் போய் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தப் படிவத்தில் குடும்பத் தலைவர் கையெழுத்து என்று ஒரு இடம் இருக்கும். ஏதோ நினைவுக்கு வரப்போவதுபோல் இருந்தது, வரவில்லை. முள் துணியில் மாட்டின மாதிரி ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். அதுவும் இருக்கட்டும். வேலையைப் பார்.

ஒரே ஒரு சோதனை பாக்கி. பொத்தானை அழுத்தினால் போன் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது. திரையில் விரிசல் விட்ட பழைய போன் ஒன்றை, தனி சிம் போட்டு, சோதனைக்கென்றே வைத்திருக்கிறாள். யாரைக் கூப்பிடுவது? முன்பின் தெரியாத ஆளைச் சனிக்கிழமையும் அதுவுமாகக் கூப்பிட்டு, ரத்தம் வேண்டாம் சும்மா பார்த்தேன் என்றால் வாழ்த்தவா செய்வான். தன் பெயரே இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. கோவில்பட்டியில் கல்லூரி படிக்கும்போது வட்டத்தின் ஒரு முகாமில் கொடுத்திருக்கிறாள். கடைக்காரரின் பட்டியலைத் திறந்து தேடினாள். வந்தது. சண்முகவடிவு, ஓ நெகட்டிவ், கோவில்பட்டி. மாட்யூல் எதுவானாலும் தன் பெயரை ஒரு பட்டியலில் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, சமையலறைப் பிளக்கில் சொருகியிருந்த தன் போன் அடிக்கிறதா என்று காதைச் சாய்த்தாள். சமையலறை அமைதியாக இருந்தது. கையில் இருந்த போனில் ஒரு ஆண்குரல், "யாரு?" என்றது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பெயரைத் தட்டினால் ஆண்குரல். பிறகு அந்தக் கரகரப்பு பிடிபட்டது. கோவில்பட்டியில் இருக்கும் அண்ணன் சங்கரபாண்டி.

"அண்ணே, நாந்தான்."

"ஏட்டி, இது என்ன புது நம்பரு? லோன் வேணுமான்னு கேக்கவனோன்னு நெனச்சு வையப் போனேன்."

"சோதனை போன். என் பேரத் தட்டுனேன், நீ எடுக்க."

"எங்க தட்டுன?"

"ரத்தம் குடுக்கவங்க பட்டியல்ல."

அண்ணன் சிரித்தான். "இன்னுமா நம்ம நம்பர வச்சிருக்கானுவ? பரவால்ல, நல்ல சங்கம்தான். உனக்கு நாப்பது ஆகப்போகுது, இனிமே உன் ரத்தம் எவனுக்கு வேணும்? பாதி டீத்தண்ணிதான இருக்கும்."

அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்த இடத்தில், கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டாள். "அண்ணே, அன்னைக்கு ஒருத்தர் கூப்பிட்டாருல்லா. எனக்குக் காய்ச்சல்னு சொன்னியே."

"எப்ப?"

"நான் கடைசி வருசம் படிக்கையில."

"அடேயப்பா, எந்தக் காலத்துக் கதையக் கேக்க. ஆமா, எவனோ கூப்பிட்டான். பிரசவக் கேசுன்னான், திருநெல்வேலிக்கு உடனே வரணும்னான். உன்ன எவன நம்பி அனுப்ப? மறுநா பரிச்ச வேற."

"அந்தப் பொம்பள என்ன ஆனா?"

"அது எனக்கு எப்படிட்டி தெரியும்? வேற யாராவது குடுத்திருப்பாங்க. கெடைக்காமயா போயிருக்கும்? சாப்பிட்டியா நீ?"

"இனிமத்தான்."

"உங்க மதினி இந்தா இருக்கா, பேசுதியா?"

"பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

வேறு யாராவது கொடுத்திருப்பார்கள். இதே வார்த்தையை அவளும் தனக்குச் சொல்லியிருக்கிறாள், பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள், பாத்திரம் கழுவும்போது சொல்லியிருக்கிறாள். ஒருவர் கூப்பிட்ட அந்தச் செய்தி அவளுக்கு அப்போது தெரியாது. பல வருஷம் கழித்து அண்ணன் மகளின் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே வேடிக்கையாகச் சொன்னான். நம்ம வடிவு ரத்தத்துக்கு அந்தக் காலத்துலயே கிராக்கி, ஒருத்தன் போன் போட்டுக் கேட்டான், புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரே போடாப் போட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாயசம் ஊற்ற வந்தவருக்குக் கையைக் காட்டி நிறுத்தவும் மறந்து, அது இலையைத் தாண்டி ஓடியது. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் இல்லை. மொட்டைமாடியில் நடந்துகொண்டு படித்துக்கொண்டிருந்தாள், உடம்பில் ரத்தம் நிறைய இருந்தது. அண்ணன் கெட்டவன் இல்லை. முகாமுக்கு அவளை பைக்கில் கூட்டிக்கொண்டு போனதே அவன்தான். அவனும் கொடுத்தான், முதலில் அவன், பிறகு அவள். படுத்து எழுந்து, குளிர்ந்த ஜூஸ் டப்பாவைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு அவள் நிற்க, மேஜையில் குனிந்து இரண்டு பேர் படிவத்தையும் அவனே எழுதினான், அவன் கையெழுத்து நன்றாக இருக்கும். தொடர்பு எண் என்ற கட்டத்தில் தன் எண்ணை எழுதினான், தாளைப் புரட்டி அடுத்ததிலும் அதே எண்ணை எழுதினான். நடுவில் பேனா நிற்கவில்லை. யோசித்துச் செய்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். வீட்டில் அப்போது போன் என்று இருந்தது அவனிடம் ஒன்றுதான். பிறகு அவளுக்கும் வந்தது, இரண்டு முறை எண் மாறியது, வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது, அந்தத் தாளுக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பிள்ளை பிறந்திருந்தால் இப்போது கல்லூரிக்குப் போகிற வயது. சில சமயம் பஸ் நிறுத்தத்தில் அந்த வயதில் யாராவது நின்றால் இவள் ஒரு விநாடி கூடுதலாகப் பார்ப்பாள். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவா கையில் இருப்பது என்று. முகத்தில் என்ன எழுதியா இருக்கும். பிறகு பஸ் வந்துவிடும்.

போதும். அவள் முகத்தை முந்தானையால் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதிலிருந்து என்ன தெரிகிறது என்றால் கடைக்காரர் லாயக்கில்லை. எவன் எண்ணையோ எவள் பெயருக்கோ கட்டித் தருகிறார். வாத்தியார் இப்படிச் செய்திருக்க மாட்டார். வாத்தியாரிடம் தேடிப் பார்த்துவிட்டு, இதையே ஒரு வரியாக ஆழ்வார்சாமியிடம் சொன்னால் அவருக்கும் பிடிபடும். வாத்தியாரைத் திறந்து தன் பெயரை அடித்தாள். சுழன்றது. ஒன்றும் வரவில்லை. இணையம் விட்டுவிட்டதோ என்று மறுபடி அடித்தாள். ஓ நெகட்டிவ், கோவில்பட்டி என்று வேறு வழியாகப் போய்ப் பார்த்தாள், அங்கும் இல்லை. சங்கரபாண்டி என்று அடித்தவுடன் வந்துவிட்டான், ஓ பாசிட்டிவ், பச்சைப் பொத்தானோடு. அவள் இல்லை. அவள் இரட்டைப் பதிவு. அப்போதுதான் முறத்தைத் திறந்தாள். நீக்கப்பட்டவர்கள் என்ற கோப்பு, நேற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கிடந்தது. கோப்பம்மாள், ஏ நெகட்டிவ். மரிய செல்வம், பி பாசிட்டிவ். பெத்தனாட்சி. செய்யதலி பாத்திமா. ராஜகனி, ஏபி நெகட்டிவ். அழகுத்தாய். விரல் இறங்கிக்கொண்டே போனது, பெயர்கள் ஏறிக்கொண்டே போயின. அங்கங்கே மகன் எண்ணைக் கொடுத்த ஒரு கிழவனார், அண்ணன் எண்ணைக் கொடுத்த ஒரு தம்பி. மற்றபடி முழுக்கப் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் எதிரே இருந்த எண்ணை அந்தப் பக்கம் தேடினால் புருஷனோ தகப்பனோ உத்தியோகம் பார்க்கிற மகனோ வந்து நின்றான். முகாமில் ஆண்கள் வரிசைதான் முதலில் நகரும், அதனால் அவர்கள் முதலில் பதிவாகிவிட்டார்கள். ராஜகனியின் வரியில் விரலை வைத்து மறுபடி படித்தாள். ஏபி நெகட்டிவ். ஆஸ்பத்திரிக்காரர்கள் தலைகீழாக நின்று தேடுகிற வகை. நேற்றுச் சாயங்காலம் இவளைத்தான் குப்பை என்று நினைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டு சப்பாத்திக்கு மாவு பிசையப் போனாள்.

இதில் யாரும் பொய் எண் கொடுக்கவில்லை. அதை நினைத்தால்தான் வேடிக்கை. தொடர்பு எண் என்று கேட்டோம், எதில் கூப்பிட்டால் தங்களைத் தொடர்புகொள்ள முடியும் என்று அவர்களுக்குத் தெரியுமோ அதைக் கொடுத்தார்கள். அவளே கேஸுக்கு வேறு என்ன கொடுத்தாள். எண்தான் ஆள் என்று நினைத்தது வாத்தியார். ஆள் யாராக இருந்தாலென்ன, எண் இருந்தால் போதும் என்று நினைத்தது கடைக்காரர். ஒருவர் நீ இல்லவே இல்லை என்கிறார், இன்னொருவர் நீ இருக்கிறாய், ஆனால் உனக்காக அவர் பேசுவார் என்கிறார். இரண்டில் எது மேல் என்று சொல்லத்தான் ஆழ்வார்சாமி கூப்பிடப்போகிறார், ஒத்த வார்த்தையில். அவள் வாத்தியாரின் உள்ளே போய்ப் பார்த்தாள். அந்த நிபந்தனையை மட்டும் எடுத்துவிட்டால் அவரே போதும். எடுக்க முடியவில்லை, அந்த இடம் பூட்டியிருந்தது. அவருடைய கட்டடமே எண்ணின் மேல்தான் நிற்கிறது, அதை உருவினால் கூரை வந்துவிடும். பிரம்பைக் கீழே வைக்கத் தெரியாத மனுஷர். சரி. மடிக்கணினியின் பாட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது. கடைக்காரரைக் கோக்க அரை நாள் வேண்டும் என்று சொன்னது யார்? நானேதான், மற்றவர்களுக்கு அரை நாள், எனக்கு அவ்வளவு எதற்கு. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். கை தானாக ஓடத் தொடங்கியது, ஓடும்போது மனசும் தெளிந்தது, வேலையில் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். பெயரும் எண்ணும் சேர்ந்தால்தான் ஒரு ஆள், ஒரு எண்ணில் எத்தனை ஆளும் இருக்கலாம். அது முதல். பிறகு எண் கேட்கும் கட்டத்துக்குக் கீழே ஒரு கேள்வி. எப்படிக் கேட்பது? இது உங்கள் சொந்த எண்ணா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வீட்டு எண் சொந்த எண் இல்லாமல் யார் எண். இரண்டு தரம் எழுதி அழித்தாள். 'கூப்பிட்டால் எடுப்பவர்' என்று எழுதினாள். பதில் இரண்டு: நானே, வேறு ஒருவர். வேறு ஒருவர் என்று சொன்னால் மட்டும் இன்னொரு கட்டம் திறந்து, உங்களிடமே பேச வேறு எண் உண்டா என்று கேட்கும். இது கடைக்காரருக்குத் தெரிந்த வித்தைதான், இவள்தான் அவரைச் சரியாக விசாரித்ததில்லை. பட்டியலில், நானே என்றால் பச்சைப் பொத்தான். வேறு ஒருவர் என்றால் மஞ்சள். நீக்கப்பட்டவர்கள் அத்தனை பேரையும் மஞ்சளில் விட்டுவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்தாள். பட்டியல் வந்தது. பச்சைக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாக, வயலில் பாதி விளைந்த மாதிரி இருந்தது.

சமையலறையில் போன் அடித்தது. சொருகியிருந்ததை உருவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தாயி, ஒத்த வார்த்த" என்றார் ஆழ்வார்சாமி.

"கடைக்காரர், சார்."

"நேத்து வரைக்கும் வாத்தியாருக்கு மாலை போட்டுக்கிட்டிருந்த. விடியறதுக்குள்ள கட்சி மாறிட்டியா?"

"வாத்தியார் மூணுல ஒரு பங்கு ஆளத் தள்ளிட்டார், சார்."

"தள்ளட்டுமே. டூப்ளிகேட்டுதான? லிஸ்ட்டச் சுத்தம் பண்ணிட்டோம்னு கமிட்டியில நான் நெஞ்சத் தட்டிக்கிடலாம்."

"உங்க வீட்டம்மா ரத்தம் குடுத்திருக்காங்களா?"

"என்ன தாயி, இப்படிக் கேட்டுட்ட. கிருஷ்ணம்மா வருசம் தவறாமக் குடுக்கா. போன முகாம்ல மேடையில ஏத்திப் பொன்னாடை போத்துனோம். போத்துனதே நாந்தான்."

"கடையில இன்னொரு போன்ல நெட் இருக்குல்ல? நேத்து அனுப்புன வாத்தியார் பக்கத்தத் திறந்து அவங்க பேரத் தேடுங்க."

யாரோ பாட்டரியைத் தரையில் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. ஆழ்வார்சாமி எழுத்துக்கூட்டி அடிப்பது இங்கே வரைக்கும் தெரிந்தது.

"இல்லையே, தாயி."

"கடைக்காரர் பக்கத்துல தேடுங்க."

"இந்தா இருக்கா. இவ பட்டன் மட்டும் என்ன மஞ்சளா இருக்கு?"

"அமுக்கிப் பாருங்க."

"பிஸிங்குது தாயி" என்றார்.

"நீங்க எங்கிட்டப் பேசிக்கிட்டிருக்கீங்கல்லா, அதான்."

"அப்ப இவ ரத்தம் வேணும்னு எவனாவது கூப்பிட்டா..."

"நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், சார்."

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி நின்றது. நான் பேச ஆரம்பிச்சா நிப்பாட்ட மாட்டேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கமிட்டி முழுக்க ஆம்பளைங்க தாயி. இத என்னன்னு போய்ச் சொல்ல?" என்றார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்கவங்க வீட்டம்மா பேர வாத்தியார்ட்டத் தேடச் சொல்லுங்க. போதும்."

கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. ஏ கிருஷ்ணம்மா, இங்க வா, இந்தத் தாயிட்டப் பேசு என்று கூப்பிடுவது கேட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருகிற அவசரத்தோடு ஒரு குரல் வந்தது. என்னம்மா என்றது.

"அம்மா, உங்களுக்குன்னு தனியா போன் இருக்கா?"

"இருக்கே. மகன் வாங்கிக் குடுத்து ரெண்டு வருசமாச்சு."

"அந்த நம்பர வட்டத்துல குடுக்கலையா?"

"ஒருத்தரும் கேக்கலையேம்மா." குற்றம் சொல்லும் தொனியே இல்லை, பால் இன்னும் வரவில்லை என்பதுபோல்தான் சொன்னாள். "எழுதிக்கிடுதியா? சொல்லட்டுமா?"

இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவில் மூச்சு விட்டு, பாட்டுப் படிப்பதுபோல் பத்தையும் சொன்னாள். வடிவு அடித்தாள். பொத்தான் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது. இன்னும் எத்தன பேரு இப்படி என்று கிருஷ்ணம்மாள் கேட்டாள். நெறைய என்றாள் வடிவு. "பேரெல்லாம் அனுப்பி விடு. நாளைக்கு முகாம்ல சுண்டல் அவிக்க நாங்க ஒரு எட்டுப் பத்துப் பொம்பளைங்க போவோம். அவிச்சு இறக்கிட்டு சும்மாதான உக்காந்திருப்போம், ஒவ்வொண்ணாப் போன் போட்டுருதோம். மொதல்ல வீட்டுக்காரருதான் எடுப்பாரு. எடுக்கட்டும். அவ நம்பரச் சொல்லுங்கய்யான்னா சொல்லித்தான ஆகணும்?"

அவ கையில போனே இல்லன்னா என்று ஆழ்வார்சாமி பக்கத்திலிருந்து கேட்டார்.

"இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரி நம்பர் இருக்கும், வேல செய்யுத எடத்து நம்பர் இருக்கும். உமக்கு எதுக்கு? நீரு கமிட்டிக்குக் கெளம்பும்."

போன் பேச்சு முடிந்தது. வடிவு அதைத் திரும்பச் சமையலறையில் சொருகிவிட்டு வந்தாள். மடிக்கணினித் திரையின் மூலையில் பாட்டரிக் குறி சிவப்பாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும், அது போதும். ராஜகனியின் வரியைப் பார்த்தாள், மஞ்சள். நாளை மதியத்துக்குள் பச்சையாகும், ஆகாவிட்டால் திங்கட்கிழமை தானே கூப்பிடுவாள். ஒன்றை மட்டும் இப்போதே செய்துவிடலாம். தன் வரியைத் திறந்தாள். அண்ணனின் எண் அங்கே இருந்தது. பார்க்காமலே சொல்வாள் அதை, இருபது வருஷமாக மனப்பாடம். ஒவ்வொரு இலக்கமாகப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டு வந்தாள். கட்டம் காலியானது. தன் எண்ணை அடிக்கப் போகும்போது விரல் நின்றது. நடுவில் வருவது ஏழா, நாலா? தன்னைத் தானே யார் கூப்பிடுகிறார்கள். கணவன் வாயால் அடுத்தவரிடம் சொல்கிற அந்த எண்ணை அவன் ராகத்தோடு ஞாபகப்படுத்தி, நாலு என்று பிடித்து, அடித்து முடித்தாள். கூப்பிட்டால் எடுப்பவர்: நானே. சேமித்தாள். பச்சை வந்தது.

விரிசல் விட்ட போனை எடுத்துத் தன் பெயருக்கு எதிரே அழுத்தினாள். ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. தெருவும்கூடச் சற்று அமைதியாக இருந்ததுபோல் தோன்றியது. பிறகு சமையலறையில் அடித்தது. கையில் இருந்ததை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். உளுந்து டப்பாவுக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் 'சோதனை' என்று தெரிந்தது. துண்டித்துவிட்டால் போதும், வேலை முடிந்துவிட்டது. அவள் எடுத்தாள்.

"சொல்லுங்க, வடிவுதான் பேசுதேன்" என்றாள். "எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

முன்னறையில், மேஜை மேல் இருந்த சோதனை போனில், அவள் குரல் ஒரு இமைப்பொழுது பிந்தி அதையே கேட்டது.